அன்டெனாவை அளக்காமல் மைக்கை அழுத்தாதீர்கள்

போன ஞாயிறு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் ஒரு தம்பி, காரில் பழைய சி.பி. ரேடியோ பூட்டியிருக்கிறேன், வந்து பாருங்கள் அண்ணா என்று கூப்பிட்டான். போனேன். சி.பி. என்பது சாதாரண ஆட்கள் 27 மெகாஹேட்ஸில் ஆளோடு ஆள் கதைக்கும் இருவழி ரேடியோ. செட் டாஷ்போர்ட்டின் கீழே அழகாக உட்கார்ந்திருந்தது. அன்டெனா பின் சீட்டில், பெட்டிக்குள். “லைட் எல்லாம் எரியுது அண்ணா, மைக்கையும் நாலைந்து தரம் அழுத்திப் பார்த்திட்டேன்” என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி வேலையை நானும் செய்தவன்தான், அதனால் அவனைத் திட்டவும் வாய் வரவில்லை.

சிவப்பு வயர் எங்கே, கறுப்பு வயர் எங்கே, திருகாணியை எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் ஒரு வயரிங் பாஸிடம் வண்டியைக் கொடுத்துவிடுவது நல்லது. ஓரளவு வேலை தெரிந்தவர்களும் போய் விழும் குழிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சும்மா ஒரு தரம் அழுத்திப் பார்ப்பது

மைக்கை அழுத்தியதும் செட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒரு ட்ரான்சிஸ்டர், பைனல் என்போம், ஏறத்தாழ 4 வாட் சக்தியைக் கேபிள் வழியாக வெளியே தள்ளுகிறது. அன்டெனா பொருத்தமாக இருந்தால் அது காற்றில் போய்விடும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி வந்து பைனலின் தலையில் விழும். எவ்வளவு திரும்புகிறது என்பதைத்தான் எஸ்.டபிள்யூ.ஆர். என்ற கணக்குச் சொல்கிறது. 1.5 என்றால் 4 வீதம் திரும்புகிறது, கவலையில்லை. 2 என்றால் 11 வீதம், சமாளிக்கலாம். 3 என்றால் கால்வாசி. அன்டெனாவே இல்லை என்றால் முழுவதும். பழைய செட்டுகள் பலவற்றில் இதைத் தடுக்கும் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

என் கதையைக் கேளுங்கள். எனக்கு முதலில் வாய்த்தது ஒரு பழைய கோப்ரா 148 ஜீ.டி.எல். அன்டெனா பூட்டித்தான் இருந்தேன், ஆனால் அளக்கவில்லை. கேபிள் முனையில் பிளக்கை நானே ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன், அதில் ஒரு பெருமை வேறு. இரண்டு நாள் கதைத்தேன், மூன்றாம் நாள் எனக்கு எல்லாரும் கேட்கிறார்கள், நான் யாருக்கும் கேட்கவில்லை. பைனல் போய்விட்டது. 2எஸ்சி1969 என்ற ட்ரான்சிஸ்டர், மிட்சுபிஷி எப்போதோ செய்வதை நிறுத்திவிட்டது, அதனால் சந்தையில் போலிகள் ஏராளம். புறக்கோட்டையில் ஒரு கடையில் “நானா, ஒரிஜினல்தானே?” என்று கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பஞ்சில் தின்னர் நனைத்துத் தேய்த்தால் எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. சரி, இருக்கிறதைப் பூட்டுவோம் என்று பூட்டினேன், பத்து நிமிடம் தாங்கவில்லை. கடைக்காரனைத் திட்டிக்கொண்டு வேறிடத்தில் இன்னொன்று வாங்கினேன். அது ஒரு வாரம் ஓடியது. பிறகு அதுவும் போனது. மூன்றாவதும் வாங்கினேன், என்ன சொல்ல.

மூன்றாவதைப் பூட்டப்போகும் நேரத்தில் அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் வைத்திருக்கும் ஒரு கூட்டாளி வந்தான். செட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் நடு ஊசியிலும் மற்றதை வெளி உலோகத்திலும் வைத்தான். சத்தமில்லை, அதாவது இரண்டுக்கும் தொடர்பில்லை. பிளக்கின் கழுத்தருகே கேபிளை மெல்ல வளைத்தான். பீப். நேராக்கினான், நின்றது. வளைத்தான், பீப். “மச்சான், செட்டை மூன்று தரம் திறந்தாய், இதை ஒரு தரம் திறந்தாயா?” என்று கேட்டான். பிளக்கை வெட்டிப் பார்த்தால், மேலே சுற்றியிருக்கும் செப்புப் பின்னலிலிருந்து ஒரேயொரு இழை, தலைமயிர் அளவுதான், உள்ளே மடிந்து நடு வயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கார் குலுங்கும்போதெல்லாம் அது ஷோர்ட் ஆகியிருக்கிறது. போலிச் சாமானும் என் பெருமைக்குரிய ஈயமும் சேர்ந்து என் ஒரு மாதப் பெற்றோல் காசைத் தின்றுவிட்டன. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, அந்த மீட்டர் முழு நேரமும் என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது.

ஆகவே முதலில் மல்டிமீட்டர். நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையில் தொடர்பு இருக்கக் கூடாது, கேபிளை அசைத்து அசைத்துப் பாருங்கள். ஒரு விஷயம்: சில அன்டெனாக்களின் அடியில் இருக்கும் சுருள் இயல்பாகவே இரண்டையும் இணைத்திருக்கும், அவற்றில் பீப் வந்தால் பழுதில்லை. அப்படியானதென்றால் அன்டெனாவைக் கழற்றிக் கேபிளை மட்டும் சோதியுங்கள்.

அது சரியென்றால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். செட்டுக்கும் அன்டெனாக் கேபிளுக்கும் நடுவில் வரும். முன்னோக்கிய பக்கம் சுவிட்சை வைத்து, ஏ.எம்.மில், எதுவும் பேசாமல் அழுத்தி, குமிழைத் திருகி முள்ளை முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகுதான் மற்றப் பக்கம் தள்ளி வாசிப்பது. இந்த முதல் படியைத் தாண்டிப் போய்விட்டு “1.1 காட்டுது” என்று சந்தோஷப்படுபவர்கள் நிறையப் பேர். செட்டிலேயே இருக்கும் சின்ன மீட்டரை, அதுவும் கைமாறிக் கைமாறி வந்த செட்டில் இருப்பதை, நம்ப வேண்டாம்.

1, 20, 40 ஆகிய மூன்று சேனல்களிலும் பாருங்கள். 1இல் கூடுதலாகவும் 40இல் குறைவாகவும் இருந்தால் அன்டெனா கட்டை. மறுவளமாக இருந்தால் நீளம், ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் ஒரே தரத்தில் வெட்டாதீர்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. எதிலாவது 3ஐத் தாண்டினால் உடனே விரலை எடுங்கள். அளப்பதை பிளட்டின் அடித்தளப் பார்க்கிங்கில் செய்யாதீர்கள், தலைக்கு மேல் முழுக்கக் கம்பியும் கொங்கிரீட்டும். மரைன் டிரைவ் பக்கம் திறந்த இடத்தில் நிறுத்தி, கதவெல்லாம் சாத்திக்கொண்டு அளவெடுங்கள்.

லைட்டர் சொக்கெட்டிலிருந்து கரண்ட்

வேலை செய்யும், கூடவே என்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஓர் ஊளைச் சத்தமும் வரும். நேரே பற்றரியிலிருந்து இழுங்கள், பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போடுங்கள். பழைய செட்டோடு வந்த பியூஸ் ஹோல்டரைக் கட்டாயம் திறந்து பாருங்கள். 2 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருப்பதை நான் இரண்டு செட்டுகளில் பார்த்துவிட்டேன். முன்பு யாரோ பியூஸை எரித்திருக்கிறான், ஏன் எரிந்தது என்று பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கொழும்பில் இப்போது பாதிப் பேரிடம் ஹைபிரிட். முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவில் 12 வோல்ட் பற்றரி பின் சீட்டின் கீழே இருக்கிறது, அதிலிருந்து எடுக்கலாம். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள்: அந்த அக்வாவின் பெரிய பற்றரி 144 வோல்ட், மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் 201.6. இந்த வண்டிகளின் இன்வேட்டர் எழுப்பும் இரைச்சலும் காதில் விழும், அதைச் செட்டின் பழுதென்று நினைத்துக் கழற்றாதீர்கள்.

பி.ஏ. சுவிட்ச்

இதை பி.ஏ. பக்கம் தள்ளினால் குரல் காற்றில் போகாமல் வெளி ஒலிபெருக்கிக்குத்தான் போகும். செட் செத்துவிட்டது என்று எனக்குப் போன் எடுக்குமுன் சுவிட்ச் சி.பி. பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

லண்டனிலிருந்து வந்த செட்

பெரியப்பா மகன் கொண்டுவந்து தந்தது, ஆனால் ஒருவரும் கேட்கவில்லை என்பவர்கள் செட்டின் முகத்தைப் பாருங்கள். ‘சி.பி. 27/81’ என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருந்தால் அது 1981இல் பிரிட்டனில் அனுமதித்த வகை: எப்.எம். மட்டும், 27.60125இலிருந்து 27.99125 மெகாஹேட்ஸ் வரை. மற்றவர்களின் வழமையான 40 சேனல்கள் 26.965இலிருந்து 27.405 வரை. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. 19ஆம் சேனல் என்று இரண்டு பேரும் போட்டுக்கொண்டு ஆளையாள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வேறு செட்டின் மைக்

நாலு ஊசி பொருந்துகிறது என்பதற்காக வயரிங் ஒன்றாகிவிடாது.

காந்த அன்டெனாவை மறந்துவிடுவது

கூரையின் நடுவில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் காரின் தகடும் அன்டெனாவின் பாதிதான். 27 மெகாஹேட்ஸில் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர், கால் அலைக்குக்கூட 2.75 மீற்றர் கம்பி தேவை, நாம் அதைச் சுருளால் ஏமாற்றிக் கட்டையாக்குகிறோம், அதனால் தகடு முக்கியம். ஒரு மூலையில் வைத்தால் தகடு அதிகமாக இருக்கும் பக்கம்தான் நன்றாகப் போகும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு, காந்தத்தை வாரத்துக்கு ஒரு தரம் தூக்கித் துடையுங்கள். நான் ஆறு மாதம் விட்டு எடுத்தபோது கூரையில் ஒரு வட்டத் துரு, பெயின்ட் அடித்த பாஸ் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

லைசன்ஸ்

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், செட் வாங்குமுன் கேளுங்கள்.

தூரத்துக் குரல்களை நம்புவது

சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் காலங்களில் 27 மெகாஹேட்ஸ் அலை வானில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். பகல் வேளையில் ஏதோ தெரியாத மொழியில் யாரோ கத்துவது தெளிவாகக் கேட்கும். உடனே செட் பிரமாதம் என்று முடிவு கட்டிவிடுவோம், தெகிவளையில் நிற்கும் கூட்டாளிக்குச் சத்தமே போயிருக்காது. தெரிந்த ஒருவரை மூன்று நான்கு கிலோமீற்றர் தள்ளி நிறுத்தி, அவர் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு அடுத்த ஞாயிறு நான் கல்கிசையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன், அவனுடைய பைனல் உயிரோடு இருந்தால்.