கடலைக் கொல்லையிலிருந்து கழுநீர்த் தொட்டி வரை: அஃப்ளாடாக்சினைத் தடுக்கும் முறை

கறவை மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு துண்டை உடைத்து, முகர்ந்து, நிறம் பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறார்கள். சிக்கு வாடையையும் மண் கலப்பையும் இப்படிக் கண்டுகொள்ளலாம். அஃப்ளாடாக்சினைக் கண்டுகொள்ள முடியாது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் மஞ்சட்பச்சைப் பூசணம் உண்டாக்கும் இந்த நஞ்சு, தீவனத்தில் இருக்கும் அளவில் கண்ணுக்கோ மூக்குக்கோ தட்டுப்படுவதில்லை, பூசணம் காய்ந்து உதிர்ந்த பின்னும் தங்கியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தபோது காரணம் தெரியாமல் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நஞ்சு உண்டான பிறகு அதை முழுமையாக நீக்க ஒரு சாதாரணப் பண்ணையில் வழியில்லை என்பதால், வேலையைக் கொல்லையிலேயே தொடங்க வேண்டும். இந்தப் பூசணம் மண்ணில் எப்போதும் இருப்பது. காய் முற்றும் கடைசி நான்கைந்து வாரங்களில் மண் காய்ந்து சூடேறினால் அது காய்க்குள் நுழைகிறது. நீர் வசதி உள்ளவர்கள் அந்தக் காலத்தில் ஒரு தண்ணீராவது கட்டுவது நல்லது. விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் காயின் ஓடு உறுதிப்படும். அதற்குப் பிறகு கொத்துப் போடக்கூடாது, ஏனெனில் களைக்கொத்து கீறிய காயும் கறையான் துளைத்த காயும் பூசணத்துக்குத் திறந்த வாசல்கள். பத்துக் காய்களை உடைத்துப் பார்த்து, ஏழெட்டின் உள்ளோடு கறுத்திருந்தால் தாமதிக்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கெடுதல் நடப்பது உலர்த்தும் இடத்தில்தான். பிடுங்கும்போது காயில் 35 முதல் 50 சதவீதம் ஈரம் இருக்கும். அதை 8 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து மானாவாரிக் கடலை ஐப்பசி மழையில் அறுவடைக்கு வருவதால் இது சொல்வதுபோல எளிதல்ல. செடியைக் காய் மேலே, இலை கீழே இருக்குமாறு கவிழ்த்துப் பரப்பிக் காயவிட வேண்டும், குவிக்கக்கூடாது. மழைக்குத் தார்ப்பாய் போடுவதானால் கொம்பு நட்டு, இரு பக்கமும் காற்றுப் புகும்படி உயர்த்திக் கட்ட வேண்டும். ஒருமுறை குவியலின் மேலேயே தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் உள்ளே கையை விட்டேன்; வெந்நீர்ப் பானையில் விட்டதுபோல் சுட்டது. அந்தச் சூடும் ஈரமும்தான் பூசணத்துக்கு வேண்டியவை. காயை ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும், பருப்பைத் தேய்த்தால் சிவந்த தோல் உரிய வேண்டும்; இவ்விரண்டும் நடந்த பிறகே சாக்கில் கட்டலாம். பருப்பு உடையாமல் இருப்பதற்காகக் காயில் தண்ணீர் தெளித்து உரிக்கும் வழக்கத்தைக் கைவிடுவது அவசியம், ஏனென்றால் அதுவரை பட்ட பாடு முழுவதையும் அந்த ஒரு குடம் தண்ணீர் வீணாக்கிவிடும்.

நல்ல பருப்பு தின்பண்டத்துக்கும் விதைக்கும் போக, சூம்பியதும் நிறம் மாறியதும் உடைந்ததும் எண்ணெய்க்குப் போகின்றன. நஞ்சு மிகுந்திருப்பதும் அவற்றில்தான். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கிலேயே தங்குகிறது. மனிதன் பொறுக்கி ஒதுக்கியது மாட்டின் தொட்டிக்குச் சேரும் வழி இது.

ஆகவே மொத்தமாக வாங்குபவர்கள் சோதனை செய்துகொள்வது நல்லது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தின் முடிவு, நாம் கொண்டுபோகும் மாதிரியைவிட நம்பகமாக இருக்க முடியாது. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டு மட்டுமே நஞ்சேறி, அந்த ஒன்றிரண்டே முழு மூட்டையையும் கெடுக்கும் பொருள் இது. ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போனால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. எல்லா மூட்டைகளிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுத்து, ஐந்து கிலோவாவது சேர்க்க வேண்டும். அத்தனையையும் இடித்துத் தூளாக்கிக் கலந்து, சுத்தமான துணியில் வட்டமாகப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நான்காகப் பிரிக்க வேண்டும். எதிரெதிரான இரு கால்பாகங்களை ஒதுக்கி, மீதியை மறுபடி கலந்து இதையே திரும்பச் செய்தால் அரைக் கிலோ அளவுக்கு வரும். இடிப்பதற்கு முன்பே பிரித்துவிடுவது பலர் செய்யும் தவறு. மாதிரியை உலர்ந்த நிலையில் காகிதப் பையில் கட்டி, ஈரம் படாமல் கொண்டுபோக வேண்டும்.

கலப்புத் தீவனத்தில் அஃப்ளாடாக்சினின் முக்கிய வகையான பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. மாடு தின்ற பி1இல் சுமார் 1 முதல் 2 சதவீதமும், நிறையக் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரையும், எம்1 என்ற வடிவில் பாலில் வருகிறது. பாலுக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் பி1 உள்ள புண்ணாக்கை நாளுக்கு ஒரு கிலோ தின்னும் மாடு பத்து லிட்டர் கறந்தால், லிட்டருக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் வரை வந்து வரம்பைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். பாலைக் காய்ச்சினாலும் இது போவதில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் முடிவுக்காகக் காத்திராமல் முதலில் நிறுத்திவிடுவதே சரி. பென்டோனைட் போன்ற களிமண் பொடிகள் நஞ்சில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அதை நம்பித் தெரிந்தே கெட்ட சரக்கை வாங்கக்கூடாது.

ஒதுக்கிய புண்ணாக்கைக் கன்றுக்குட்டிக்குப் போடுவதும், விலை குறைத்து வாத்து வளர்ப்பவருக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. கன்று பெரிய மாட்டைவிட இந்த நஞ்சைக் குறைவாகவே தாங்கும்; வாத்துக் குஞ்சோ பண்ணை உயிர்களிலேயே இதற்கு மிக எளிதில் பலியாவது.