பழைய மெஸி பெர்குசன் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் புகையைப் பாருங்கள்

சிறுபோக அறுவடையோடு கொட்டிலில் விட்ட டிராக்டர், பெரும்போக உழவுக்கு எடுக்கிற அன்றைக்குத்தான் சண்டித்தனம் பண்ணும். மட்டக்களப்புப் படுவான்கரையிலும் சம்மாந்துறை வயல் வட்டைகளிலும் ஓடும் மெஸி பெர்குசன் 135இல் இருப்பது மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின். ஸ்டார்ட்டரை அடிக்கும்போது ஒருவரைப் புகைக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. கோளாறு, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரிலோ, டீசலைத் தூவும் நொசிலிலோ, சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் கம்பிரஷனிலோ இருக்கும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை.

டீசல் போகவில்லையென்றால், இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டொப் நொப்பை முதலில் முழுதாக உள்ளே தள்ளுங்கள். கேபிள் துருப்பிடித்தால் நொப் உள்ளே போனாலும், நொசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்டர் பம்பிலுள்ள லீவர் அசையாது. அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு டேங்க் டெப் திறந்திருக்கிறதா, பில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அரை டேங்கோடு மாரியில் நிறுத்தினால் தண்ணீர் சேராமல் விடாது.

அடுத்தது எயார் எடுப்பது, அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அதற்கு, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிப்ட் பம்பின் கை லீவரை அடியுங்கள். லீவர் பாரமில்லாமல் ஆடினால், இன்ஜினுக்குள் அந்தப் பம்பை இயக்கும் கேம் அதைத் தூக்கி வைத்திருக்கிறது. இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். அடித்துக்கொண்டே முதலில் பில்டர் மேல் ஸ்குரூ, அடுத்து இன்ஜெக்டர் பம்பின் பக்கவாட்டு ஸ்குரூ, கடைசியாக அதே பம்பின் மேல் ஸ்குரூ என்று தளர்த்துங்கள். குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பிறகு இரண்டு இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, அக்சிலரேட்டரை முழுதும் திறந்து, 10 செக்கனுக்கு மேல் போகாமல் ஸ்டார்ட்டர் அடியுங்கள். டீசல் பீச்சியதும் இறுக்குங்கள். அந்தப் பீச்சலுக்குக் கையைக் கொடுக்காதீர்கள், தோலைத் துளைத்துவிடும்.

மறுநாளும் எயார் பிடித்தால் டேங்குக்கும் லிப்ட் பம்புக்கும் இடையில் தேடுங்கள். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும், அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலும் வெடித்த ஹோஸ் அல்லது தேய்ந்த செம்பு வொஷராக இருக்கும். செம்பு வொஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும், திரும்பப் போடலாம். சந்தேகம் தீர, ஒரு கேன் டீசலை உயரத்தில் வைத்து, தெளிந்த ஹோஸால் நேரே லிப்ட் பம்புக்குக் கொடுங்கள். ஸ்டார்ட் ஆனால் டேங்க் லைன்தான் குற்றவாளி.

டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். இன்ஜெக்டர் பம்புக்கு எண்ணெய்ப் பசை கொடுப்பதே டீசல்தான்.

இவ்வளவுக்கும் பீச்சாவிட்டால் இன்ஜெக்டர் பம்பைக் கழற்றவேண்டியதுதான். கழற்றும் முன் பம்ப் விளிம்பிலுள்ள டைமிங் கோடு மங்கியிருக்கிறதா என்று பார்த்து, மங்கியிருந்தால் உளியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள்.