பழைய பத்திரத்தில் அமிலம் நீங்கியதா? நிறமாலையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘வட ஆற்காடு ஜில்லா’ என்று போட்ட பழைய பத்திரங்கள் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இன்னும் கிடக்கின்றன. பிரித்தால் மடிப்பிலேயே உடையும், ஓரம் பொடியாகக் கையோடு வரும். படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்து ஆலையில் செய்த தாள் என்றால் படிகாரத்தால் உண்டாகும் அமிலம் தாளின் நாரான செல்லுலோஸின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைத்து அதை முறிக்கலாம். முறிந்ததா என்று அகச்சிவப்பு நிறமாலையில், அதாவது தாள் எந்தெந்த அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது என்று முகடுகளாகக் காட்டும் வரைபடத்தில், பார்க்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதல் தவறுதான் பெரியது. நனைக்கும் முன் 1730 செ.மீ⁻¹ (கதிரின் அலை எண்) பக்கம் ஒரு முகடு இருந்தது, நனைத்து உலர்த்திய பின் அது சரிந்துவிட்டது. உடனே ‘தாள் குணமாகிவிட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். நடந்தது வேறு. செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றமடைந்து உண்டான, அந்த முகட்டைத் தந்த கார்பாக்சில் அமிலம் சுண்ணாம்பு நீரின் கால்சியத்தோடு சேர்ந்து உப்பாகிவிட்டது, உப்பின் முகடு 1600 பக்கம் போய்விட்டது. ஆக்சிஜனேற்றம் அப்படியேதான் இருக்கிறது, அறுந்த சங்கிலி ஒன்றுகூட ஒட்டவில்லை. அமிலம் முறிந்தது என்பது மட்டும் உண்மை. 1730-இல் இன்னும் மிச்சம் தெரிந்தால், அதே இடத்தில் முகடு தரும் ஆல்டிஹைடு, கீட்டோன், எஸ்டர் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

அந்த 1600-க்குப் பக்கத்திலேயே, 1640-இல், தாள் உறிஞ்சிய ஈரத்தின் முகடு வரும். கார்த்திகை மழையில் முதல் அளவும் கத்திரி வெயிலில் அடுத்ததும் எடுத்தேன் ஒரு முறை. இரண்டுக்கும் நடுவே தெரிந்த மாற்றத்தில் பாதி வேலூர் வானிலைதான் என்று பிறகுதான் புரிந்தது. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பாத்திரத்தில் இரண்டு துண்டையும் ஒன்றாக உலர்த்தி, ஒரே நாளில் அளவெடுங்கள்.

சுண்ணாம்பு நீர் உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகத் தங்கும். அதை 1420-இல் மட்டும் தேடாதீர்கள், செல்லுலோஸின் 1430 அங்கேயே கலந்துவிடும். 875, 712 இரண்டும் தெரிகிறதா பாருங்கள். ஆலையிலேயே சுண்ணாம்புத்தூள் நிரப்பிய தாளிலும் இவை வரும், அதனால் நனைக்கும் முன் எடுத்த அளவு கட்டாயம் வேண்டும். அப்புறம், தாளைக் கருவியின் படிகத்தின்மேல் அழுத்தி அளக்கும் ஏ.டி.ஆர் முறையில் கதிர் ஓரிரு மைக்ரான்தான் உள்ளே போகும். தாளோ நூறு மைக்ரான் அளவு தடிமன். முன்பக்கம் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு சுண்ணாம்பு உள்ளேயும் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச் அளவும் நிறமாலையில் வராது, அதைத் தனியே அளக்க வேண்டும்.

கருவியின் அழுத்தும் திருகு நொறுங்கிய தாளில் குழி போடும். பத்திரத்தையே வைக்காமல், பெட்டியில் உதிர்ந்து கிடக்கும் துணுக்கை எடுங்கள். நனைக்கும் முன் ரப்பர் ஸ்டாம்பு, கையெழுத்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சொட்டு நீர் வைத்து ஒற்றுத்தாளால் ஒற்றிப் பாருங்கள். ஊதா மை அதில் ஏறினால் அந்தப் பத்திரத்தைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.