ஒரே எண், வீட்டில் எல்லாப் போனும்: இலங்கை மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து ஹட்டன், நுவரெலியா பக்கம் வந்து வீடு பார்த்து, சிம்மும் வாங்கியாச்சா? சரி, எல்லா இடத்திலும் எந்த எண்ணைக் கொடுப்பது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.

கல்யாணமாகி வந்த நான் அதைச் செய்யவில்லை. சில வருஷம் கழித்து மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து எடுத்த கோல் (போன் அழைப்பு) எனக்கு வரவே இல்லை. எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. சமையலறையில் என் சிம்முக்கு சிக்னல் கிடையாது. வேறு நிறுவன சிம் போட்ட மாமியாரின் போன் அதே மேசையில் நல்ல சிக்னலோடு கிடந்தது. பிள்ளை பள்ளி விடும்வரை வாங்கில் (பெஞ்சில்) படுத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

மலையில் ஒரு மேடு திரும்பினாலே ஒரு டவர் மறைந்துவிடும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே நிறுவன சிம் வாங்காதீர்கள். வாங்கும் முன் பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாரிடமாவது போனை வாங்கி, உங்கள் சமையலறையிலேயே நின்று பேசிப் பாருங்கள்.

ஒரு எண்ணுக்கு வரும் கோல் பல போன்களில் ஒரே நேரத்தில் அடிக்கும் வசதியை கூகுள் வாய்ஸ் 2009 முதல் தருகிறது. ஆனால் தனியாட்களுக்கு அது தருவது அமெரிக்க எண். நமக்கு இங்கே கைகொடுப்பது கோலைத் திருப்பிவிடுவதுதான். எல்லாம் சேர்ந்து அடிக்காது; ஒன்றில் கிடைக்காவிட்டால் அடுத்தது அடிக்கும்.

**62* என்று அழுத்தி, வீட்டிலுள்ள இன்னொரு எண்ணையும் # குறியையும் சேர்த்து டயல் செய்தால், சிக்னல் இல்லாதபோதும் போன் அணைந்திருக்கும்போதும் கோல் அங்கே போகும். நீங்கள் எடுக்காத கோலுக்கு **61*, பேசிக்கொண்டிருக்கும்போது வருவதற்கு **67*. எல்லாவற்றையும் நீக்க ##002#. கோட் வேலை செய்யாவிட்டால் சிம் நிறுவனத்தின் கடையில் கேளுங்கள்.

திரும்பிப் போகும் கோலுக்கான காசு உங்கள் கணக்கில்தான் விழும். அதனால் இந்திய எண்ணுக்குத் திருப்பவே வேண்டாம். குறுஞ்செய்தி திரும்பாது, வங்கி அனுப்பும் ரகசிய எண் உங்கள் போனுக்கே வரும். யாராவது போனில் பேசி **21* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் கோல் முழுவதையும் அவர்கள் பக்கம் இழுக்கும் வழி அது.

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வேறு வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீட்டார் எல்லோரையும் சேர்த்து ஒரு குழு தொடங்குங்கள். அம்மா குழுவுக்கு அழைத்தால், இணையம் உள்ள போன்கள் எல்லாம் சேர்ந்தே அடிக்கும். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் எடுக்கலாம். சாதாரண கோல் எடுப்பதென்றால், முதல் சுழியத்தை விட்டுவிட்டு 0094 சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்றிரவே உங்கள் போனை அணைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரை உங்கள் எண்ணுக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் மற்றப் போன் அடித்த பிறகு பள்ளிப் படிவத்தில் எண்ணை எழுதுங்கள்.