வாட்ஸ்அப் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பில் கணக்குத் தொடங்கக் கைபேசி எண்ணும், அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்கக் குறியீடும் போதும். வேலையை இவ்வளவு சுலபமாக்கிய இந்த ஏற்பாடுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறுகளுக்கும் இடம் தருகிறது. எண் யார் கையில் இருக்கிறதோ, கணக்கும் அவர் கையில்.

பெற்றோருக்குக் கைபேசி வாங்கித் தரும் பிள்ளைகள், வீட்டில் சும்மா கிடக்கும் ஏதோ ஒரு சிம்மின் எண்ணில் பதிவு செய்துவிட்டு, அதற்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுகிறார்கள். வைஃபையில் செயலி ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் இது உறைப்பதில்லை. இந்தியாவில் 90 நாட்கள் பயன்படுத்தப்படாத எண் துண்டிக்கப்படலாம். பிறகு சில மாதங்களில் அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அந்தப் புதியவர் வாட்ஸ்அப் தொடங்கும் நாளில் குறியீடு அவருக்குத்தான் போகும். ஆகவே, தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கப்போகும் எண்ணில் மட்டுமே தொடங்க வேண்டும். எண் மாறினால், பழைய சிம்மைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே அமைப்புகளில் உள்ள எண் மாற்றும் வசதியைப் பயன்படுத்திவிட வேண்டும்.

இதைவிடக் கொடியது, அந்தக் குறியீட்டைப் பிறருக்குச் சொல்லிவிடுவது. என் பெரியப்பா கணக்குத் தொடங்கிய மறுவாரம், அவருடைய நீண்டநாள் நண்பரின் எண்ணிலிருந்து, “அண்ணே, என்னோட கோட் தப்பா உங்க நம்பருக்கு வந்திருச்சு, கொஞ்சம் அனுப்புங்க” என்று ஒரு செய்தி வந்தது. ஆறு இலக்கக் குறியீடும் வந்திருந்தது. அதை எவரிடமும் பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதே குறுஞ்செய்தியிலேயே இருந்தது. தெரிந்தவர் கேட்கிறாரே என்று பெரியப்பா அனுப்பிவிட்டார். நண்பரின் கணக்கு முன்பே பறிபோயிருந்தது என்பதும், அடுத்த அரைமணி நேரத்தில் தம் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்கப்பட்டது என்பதும் பிறகுதான் அவருக்குத் தெரிந்தன.

இப்படி நேர்ந்தால், உடனே தம் கைபேசியில் மறுபடி அதே எண்ணைப் பதிவு செய்து, புதிதாக வரும் குறியீட்டை உள்ளிட வேண்டும்; திருடியவர் அப்போதே வெளியேற்றப்படுவார். ஆனால் அவர் அதற்குள், குறியீட்டோடு தனியாக ஒரு ரகசிய எண்ணையும் (பின் - PIN) கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கித் தம் பின் எண்ணை அமைத்திருந்தால், நாம் உள்ளே நுழைய ஏழு நாட்கள் காத்திருக்க நேரும். அவர் செய்வதற்கு முன் நாமே முதல் நாளில் அதை இயக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பிறந்த தேதியைப் பின் எண்ணாக வைக்க வேண்டாம். மறந்துபோனால் மீட்பதற்கு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து வைக்க வேண்டும்.

உரையாடல்களின் நகலைச் சேமித்து வைக்கும் பேக்கப்பைச் செயலி கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளிப்போடுவது, கைபேசி தொலையும்வரை தவறாகத் தெரியாது. ஆண்ட்ராய்டில் இது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில் சேமிக்கப்படுவதால், திருமண வீடியோக்களை விலக்கி வைத்தால் இடம் மிஞ்சும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி செய்திகளுக்கு 2016 முதல் இருக்கும் முழுக் குறியாக்கம் பேக்கப்புக்குத் தானாக வந்துவிடுவதில்லை என்பதால், அதற்கென்று 2021இல் வந்த வசதியை நாமே அமைப்புகளில் பார்த்து இயக்குவது நல்லது. யார் வேண்டுமானாலும் நம்மைக் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்பையும் அப்படியே விடாமல், ‘என் தொடர்புகள்’ என்று மாற்றிவிடலாம்.

வீடியோ அழைப்பில் பழக்கமில்லாத பெரியவர்கள் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வதால், மறுமுனையில் பேரனுக்குத் தாத்தாவின் காது மட்டும் தெரிகிறது. இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தவறு. தெரியாத எண்ணிலிருந்து போலீஸ் சீருடையில் ஒருவர் தோன்றி, உங்களை ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாக மிரட்டும்போது அழைப்பைத் துண்டிக்காமல் இருப்பது அப்படியன்று. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் சொல்கிறார் என்று திரைப் பகிர்வை இயக்கினால், அடுத்து வரும் வங்கிக் குறியீட்டை அவரும் நம்மோடு சேர்ந்து படிப்பார்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்கிருந்து இதிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார்கள். அங்கே வாட்ஸ்அப் செய்திகள் போகும்; அழைப்புகளுக்குத் தடை இருக்கிறது. போட்டிம் போல அங்கு அனுமதி பெற்ற செயலியை, விமானம் ஏறுவதற்கு முன்பே அம்மாவின் கைபேசியிலும் நிறுவிக் கொடுத்து, அதை எடுத்துப் பேசும் விதத்தையும் காட்டிவிட்டுப் போக வேண்டும்.