குடும்ப அறக்கட்டளை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப அறக்கட்டளை தொடங்குபவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் தொடங்குகிறார்கள். காலமான அப்பா அம்மாவின் பெயரில், தொழிலில் சேர்த்ததில் ஒரு பங்கை ஒதுக்கி, பத்திரம் எழுதி, பதிவு செய்து, வரிவிலக்கும் வாங்கிவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். எழுதிக் கொடுத்த நிமிடத்திலிருந்து அந்தப் பணம் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது. காகிதத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சம்பாதித்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ‘நம்ம பணம்’ என்ற எண்ணம் லேசில் போவதில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்திலிருந்துதான் முளைக்கின்றன.

நியாயமான வாடகைதானே?

குடும்பத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் அறக்கட்டளைக்கு ஓர் அறை கொடுத்து வாடகை வாங்குவார்கள். தொழிலில் பண முடை வந்தால் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து கைமாற்றாக எடுத்து, அடுத்த மாதம் வட்டியோடு திருப்பி வைப்பார்கள். செய்பவர்களுக்கு இதில் எதுவும் தவறாகப் படாது. எல்லோரும் வாங்கும் வாடகைதான் வாங்கினோம், வட்டியும் கொடுத்தோம், யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பார்கள்.

அமெரிக்காவில் 1969ல் வந்த வரிச் சட்டம் இந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. பெருந்தொகை கொடுத்தவர், அவருடைய குடும்பத்தார், அறங்காவலர்கள், அவர்கள் கைக்குள் இருக்கும் நிறுவனங்கள் ஆகியோருக்கும் தனியார் அறக்கட்டளைக்கும் இடையே விற்பனை, வாடகை, கடன் கூடாது என்பதுதான் பொது விதி. விலை நியாயமாக இருந்தாலும், அறக்கட்டளைக்கு அது லாபமாகவே இருந்தாலும் கூடாது. இடத்தை இலவசமாகக் கொடுக்கலாம். வட்டியில்லாமல் அறக்கட்டளைக்குக் கடன் கொடுக்கலாம். மீறினால், ஆதாயம் பெற்றவர் தன் சொந்தக் கையிலிருந்து, சம்பந்தப்பட்ட தொகையில் ஆண்டுக்கு 10 சதவீதம் தண்டவரி கட்ட வேண்டும். அப்படியும் சரிசெய்யாவிட்டால் அது 200 சதவீதமாக ஏறும். எல்லா நாட்டு விதிகளும் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. இருந்தாலும் இந்த அளவுகோலையே வைத்துக்கொள்வது நல்லது என்பேன். வாடகை எவ்வளவு என்று குடும்பமே இரண்டு பக்கமும் உட்கார்ந்து முடிவு செய்யும்போது, அறக்கட்டளைக்காகப் பேரம் பேச ஆள் இல்லை.

உறவினர்களுக்குச் சம்பளம் தருவது அந்தச் சட்டத்திலும் முழுத் தடை இல்லை. தேவையான வேலையாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் அதற்கு வாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. வேலையை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஆளைத் தேடினால் பெரும்பாலும் சரியாக வரும். ஆளை மனதில் வைத்துக்கொண்டு வேலையை உருவாக்கும்போதுதான் தவறு நுழைகிறது. கண்ணுக்கு எளிதில் படாத இன்னொன்றும் உண்டு: ஒரு பள்ளிக்கு இவ்வளவு தருகிறேன் என்று தனிப்பட்ட முறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அறக்கட்டளையின் காசோலையால் அடைப்பது. பணம் போவது நல்ல காரியத்துக்குத்தான்; ஆனால் அடைபட்டது தனி மனிதரின் பாக்கி.

இந்தக் கோடு மங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் கேப்டன் டாம் அறக்கட்டளை வேதனையான உதாரணம். 2020ல், நூறு வயதை எட்டும் நேரத்தில், தன் வீட்டுத் தோட்டத்தில் நடந்து நடந்தே மருத்துவ சேவைத் தொண்டு அமைப்புகளுக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டினார் முன்னாள் ராணுவ அதிகாரியான கேப்டன் டாம் மூர். அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பெயரில் பிறகு உருவான அறக்கட்டளையில்தான் பிரச்சினை. புத்தக ஒப்பந்தத்துக்கு வந்த 14 லட்சம் பவுண்டுக்கு மேலான முன்பணம் குடும்ப நிறுவனத்துக்குப் போனது. வீட்டு வளாகத்தில் ஒரு கட்டடம் கட்ட அனுமதி கேட்டபோது அறக்கட்டளையின் பெயர் பயன்பட்டது. அந்தக் கட்டடம் கடைசியில் உள்ளாட்சி உத்தரவுப்படி இடிக்கப்பட்டது. தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் ஆணையம் 2022ல் விசாரணை தொடங்கி 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. மகளும் மருமகனும் அறங்காவலர்களாக இருக்கத் தடை விதிக்கப்பட்டது. ஒரு நாடே கொண்டாடிய முதியவரின் பெயரோடு இது ஒட்டிக்கொண்டுவிட்டதே என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

தடுக்கும் வழி கடினமானதில்லை. குடும்பத்தைச் சாராத இரண்டு பேராவது அறங்காவலர் குழுவில் இருக்கட்டும். அதுவும் குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காதவர்களாக, ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்காதவர்களாக இருக்கட்டும். ஒரு விஷயத்தில் யாருக்காவது சொந்த ஆதாயம் இருந்தால் அவர் அதை முதலிலேயே சொல்லிவிட்டு, பேச்சு நடக்கும்போது வெளியே போய்விட வேண்டும். அவர் வெளியே போனதும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஆண்டுத் தணிக்கை ஆகியவை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கூட்டக் குறிப்பை ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது உட்கார்ந்து எழுதும் பழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

நோக்கத்தை எழுதும்போது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851ல் காலமானார். மேற்கே குடியேறுவதற்காக அந்த நகரம் வழியாகப் போகும் பயணிகளுக்கு உதவ வேண்டும் என்று தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு அது கண்ணெதிரே தெரிந்த தேவை. பிறகு ரயில் வந்தது, குடியேற்ற அலை ஓய்ந்தது. பணம் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் நோக்கத்தை மாற்ற நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அதற்குப் பயந்து ‘கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், கலை மற்றும் ஏனைய நற்காரியங்கள்’ என்று எழுதிவிடுபவர்கள் அதிகம். பத்திரத்தில் அப்படி அகலமாக இருப்பது தப்பில்லை, பாதுகாப்பும்கூட. நடைமுறையிலும் அப்படியே விட்டுவிடுவதுதான் தப்பு. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுத்தால், யார் முதலில் வந்து கேட்டாரோ, யார் குடும்பத்துக்கு வேண்டியவரோ அவருக்கே பணம் போகும். பத்திரம் அகலமாக இருக்கட்டும்; அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எதில் மட்டும் இறங்கப்போகிறோம் என்பதை ஒரே பக்கத்தில் தனியாக எழுதி, அந்தக் காலம் முடிந்ததும் திரும்பப் பாருங்கள்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்

தொடங்கியவர் இருக்கும்வரை எல்லாம் அவர் சொல்படி நடக்கும். மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். ஒருநாள் அவர் இல்லாமல் போகும்போது, முடிவெடுத்துப் பழகாத நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதிலேயே பல வருடங்கள் போகும், இல்லையென்றால் சொத்துத் தகராறு இங்கேயும் வந்து உட்காரும். ஒரு சிறு தொகையை, முழுப் பொறுப்போடு, இளையவர்களிடம் முன்கூட்டியே ஒப்படைப்பது இதற்கு நல்ல பயிற்சி. அவர்கள் தேர்ந்தெடுப்பது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அப்போதும் தலையிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விருப்பமில்லாத பிள்ளையைக் குடும்பக் கடமை என்று இழுத்து அறங்காவலர் ஆக்காதீர்கள். அறங்காவலருக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. படிக்காமல் போட்ட கையெழுத்துக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். அதே சமயம், குழு வளர வளர குடும்பத்தின் பிடி தளர்வதையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். 1936ல் ஃபோர்டு குடும்பம் தொடங்கிய ஃபோர்டு அறக்கட்டளையிலிருந்து, அதன் போக்கோடு ஒத்துப்போக முடியாமல், இரண்டாம் ஹென்றி ஃபோர்டே 1976ல் விலகினார். அந்த அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. பதவிக்காலம் எத்தனை ஆண்டு, எத்தனை இடம் குடும்பத்துக்கு, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதையெல்லாம் எல்லோரும் சுமுகமாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து

நன்கொடை பெறும் சிறு அமைப்புகளின் சிரமம் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை, ஏனென்றால் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ‘திட்டத்துக்கு மட்டும்தான் தருவோம், சம்பளத்துக்கும் வாடகைக்கும் தர மாட்டோம்’ என்ற நிபந்தனை மிகப் பரவலானது. பாடம் நடத்துபவருக்குச் சம்பளம் இல்லாமல் மாலை வகுப்பு எப்படி நடக்கும்? ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மூன்று வருடத்தில் தெரிய வேண்டிய மாற்றத்தைப் பத்தாவது மாதமே கேட்பது இன்னொன்று. சிறு தொகைக்குப் பெரிய அறிக்கை, விழாவுக்குப் பேனர், காசோலையோடு நிற்கும் குழந்தைகளின் புகைப்படம் ஆகியவற்றில் அவர்களுடைய நேரமும் மானமும் செலவாகின்றன. உதவி வாங்கும் குழந்தையின் முகம் உங்கள் ஆண்டறிக்கைக்கு வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு உறுதி, எதற்குச் செலவிடுவது என்பதில் சுதந்திரம், இரண்டு பக்க அறிக்கை, ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது: இவ்வளவு போதும். தர முடியாதென்றால் அதையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு கதவைத் தட்டட்டும்.

முதலீட்டில் செய்யும் தவறும் பெரும்பாலும் நம்பிக்கையிலிருந்தே வருகிறது. மூலநிதி முழுவதும் குடும்ப நிறுவனத்தின் பங்குகளிலேயே இருக்கும், அல்லது தெரிந்தவர் ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைக்கப்பட்டிருக்கும். 2008 டிசம்பரில் அமெரிக்க முதலீட்டு ஆலோசகர் பெர்னார்ட் மேடாஃபின் மோசடி வெளிவந்தபோது, அவரிடம் பணத்தை ஒப்படைத்திருந்த பிகோவர் அறக்கட்டளை உடனே மூடப்பட்டது. அவரிடம் பணம் போட்டிருந்த கொடையாளர்களை நம்பியிருந்த ஜெட் அறக்கட்டளை அடுத்த மாதம் மூடப்பட்டது. அவற்றை நம்பி வேலை நடத்திக்கொண்டிருந்த அமைப்புகளுக்கும் அன்றே வருமானம் நின்றது.

செலவழிக்காமல் சேர்த்துக்கொண்டே போவதும் தவறுதான். அமெரிக்க விதிப்படி இத்தகைய அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் சுமார் 5 சதவீதத்தையாவது அறப்பணிக்குக் கொடுத்தாக வேண்டும். அது குறைந்தபட்சம். அதையே உச்சவரம்பாக நினைத்து அங்கேயே நின்றுவிடுபவர்கள் ஏராளம்.

என்றென்றைக்கும் நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தன் மறைவுக்குப் பிறகு 25 ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் எழுதிவைத்தார். அவர் 1932ல் காலமானார்; அவருடைய நிதியம் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சுமார் 5,000 பள்ளிகள் எழ உதவிவிட்டு, கெடுவுக்கு முன்பே 1948ல் மூடப்பட்டது. இன்னொரு அமெரிக்கத் தொழிலதிபரான சக் ஃபீனி 1982ல் தொடங்கிய அட்லாண்டிக் அறக்கட்டளை 800 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து முடித்து 2020ல் கதவைச் சாத்தியது. மூடுவது என்று முடிவெடுத்தால், உங்களை நம்பியிருக்கும் அமைப்புகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே சொல்லுங்கள், கடைசித் தவணையைப் பெரிதாகக் கொடுங்கள், மற்ற நன்கொடையாளர்களிடம் நீங்களே அவர்களை அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள்.