டவரில் ஏறும் முன் பட்டையை வளைத்துப் பாருங்கள்

செல்போன் டவரில் ஏறுகிறவர்கள், உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து, கவிழ்த்த 'ப' போல வளைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். நேராக இருக்கும்போது கண்ணில் படாத வெட்டும் பிரிந்த தையலும் வளைக்கும்போது தெரிந்துவிடும். வெயிலில் வெளுத்து விறைத்துப்போன பட்டையையும் நம்பாதீர்கள். ஹார்னஸை டவரோடு இணைக்கும் கயிறான லேன்யார்டில், விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் பிரிந்திருந்தாலும் சரி, அதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு விழுகையைத் தாங்கியது இன்னொன்றைத் தாங்காது.

கொக்கிகள் தானாக மூடிப் பூட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம், ஆன்டெனா. அதன் அலைகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மிக அருகில் உடம்பைச் சுட்டுவிடும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் சிக்னலை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அலைகளின் அளவு கூடினால் எச்சரிக்கும் ஆர்எஃப் மானிட்டரையும் அணியுங்கள். இடி கேட்டால், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

கடைசியாக, கீழே நிற்பவரிடம் இதைக் கேளுங்கள்: "நான் மேலே மயங்கித் தொங்கினால் எப்படி இறக்குவீங்க?" அசையாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால், தயவுசெய்து ஏறாதீர்கள்.